டாப் நுழைந்துவிட்டால் போதுமா? பவர் பிளக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு வயரிங் வேலைக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது. சுவரை வெட்டி பைப் போடும்போது "எங்கெங்கே பவர் பாயிண்ட் வேண்டும்?" என்று கேட்டால் "நீங்களே பார்த்துப் போடுங்க" என்பார்கள். குடிவந்து ஆறு மாதம் கழித்து ஒரு கீசரோ ஏசியோ வந்து இறங்கும். அன்றைக்குத்தான் கேள்விகள் ஆரம்பிக்கும். அப்படி நேரிலும் போனிலும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவை இவை. தமிழ்நாட்டு வீடுகளை மனதில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். சுவரில் ஓட்டைகளோடு இருப்பது பாயிண்ட் (பவர் பிளக் என்பதும் பவர் பாயிண்டைத்தான்); பொருளின் வயர் நுனியில் பின்களோடு இருப்பது டாப்.

பவர் பிளக்கில் வோல்டேஜ் அதிகமாக வருமா?

வராது. செல்போன் சார்ஜர் மாட்டுகிற பாயிண்டிலும் 230 வோல்ட்தான், இண்டக்‌ஷன் அடுப்பு மாட்டுகிற பாயிண்டிலும் 230 வோல்ட்தான். எவ்வளவு கரன்ட்டைச் சூடாகாமல் தாங்கும் என்பதில்தான் வித்தியாசம். சாதா பாயிண்ட் 6 ஆம்ப்ஸுக்கு, பவர் பாயிண்ட் 16 ஆம்ப்ஸுக்கு. அதுவும் வெளியே தெரிகிற பெரிய ஓட்டையை வைத்து மட்டும் பவர் பிளக் என்று சொல்லிவிட முடியாது. பின்னால் இருக்கும் திருகு, பைப்புக்குள் ஓடும் வயர், டிபி பாக்ஸில் (வீட்டு லைன்கள் எல்லாம் பிரியும் பெட்டி) இருக்கும் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) எல்லாம் சேர்ந்து அந்த 16 ஆம்ப்ஸுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். முகப்பை மட்டும் மாற்றி, பின்னால் லைட்டுக்குப் போட்ட வயரையே விட்டு வைத்த "பவர் பிளக்" நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. 1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் 250 வோல்ட் வரை "லோ வோல்டேஜ்" என்றுதான் சொன்னன. 650 வோல்ட்டைத் தாண்டினால்தான் "ஹை வோல்டேஜ்". பெயர் லோ என்பதற்காக அலட்சியம் வேண்டாம். வீட்டுக்குள் ஷாக் அடித்து ஆள் போவதெல்லாம் இந்த லோ வோல்டேஜில்தான்.

எந்தப் பொருளுக்குச் சாதா பாயிண்ட், எதற்குப் பவர் பாயிண்ட்?

பொருளின் அடியிலோ முதுகிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வாட் போட்டிருக்கும். அதை 230-ஆல் வகுங்கள். வருவது ஆம்பியர்.

1000 வாட் அயர்ன் பாக்ஸ் 4.3 ஆம்ப்ஸ், சாதா பாயிண்ட் போதும். 1500 வாட் என்றாலே 6.5 ஆம்ப்ஸ், கோட்டைத் தாண்டிவிட்டது. 2000 வாட் கீசரும் இண்டக்‌ஷன் அடுப்பும் 8.7 ஆம்ப்ஸ். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் 13 ஆம்ப்ஸ். 4500 வாட் இன்ஸ்டன்ட் கீசரும் கடையில் கிடைக்கிறது. அது கிட்டத்தட்ட 20 ஆம்ப்ஸ் இழுக்கும், 16 ஆம்ப்ஸ் பவர் பாயிண்டில்கூட அதை மாட்டக் கூடாது. மனதில் வைக்க இரண்டு எண் போதும்: சாதா பாயிண்டின் எல்லை 1380 வாட், பவர் பாயிண்டின் எல்லை 3680 வாட். எல்லையை ஒட்டி ஓட்டுவதும் நல்லதில்லை. மணிக்கணக்கில் ஓடுகிற பொருளென்றால் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்.

மோட்டார் உள்ள பொருட்களில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஓடும் கரன்ட்டைப் போல் பல மடங்கு இழுக்கும். 1 எச்பி தண்ணீர் மோட்டாரை 746 வாட் என்று நினைத்துச் சாதா பாயிண்டில் போட்டுவிடாதீர்கள். 746 என்பது தண்டில் கிடைக்கும் சக்தி. லைனிலிருந்து அது இழுப்பது அதைவிட அதிகம்.

15 ஆம்ப்ஸ் என்கிறார்கள், 16 ஆம்ப்ஸ் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் ஒன்றுதான். பழைய ஆட்கள் 5, 15 என்பார்கள்; புதுப் பொருட்களில் 6, 16 என்று அச்சடித்திருக்கும். இந்த உருண்டைப் பின் டாப் பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போனது. அவர்கள் 1947-லேயே சதுரப் பின்னுக்கு மாறத் தொடங்கிவிட்டார்கள். நாம் பழசையே ஐஎஸ் 1293 என்று நமது தரமாக வைத்துக்கொண்டோம்.

பின்னை அளந்து பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சாதா டாப்பின் கீழ்ப் பின்கள் சுமார் 5 மில்லிமீட்டர், மேலே எர்த் பின் சுமார் 7. பவர் டாப்பின் கீழ்ப் பின்களே சுமார் 7, எர்த் பின் 9-ஐ நெருங்கும். இரண்டு டாப்பிலும் எர்த் பின் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மாட்டும்போது எர்த் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும்.

6-ம் 16-ம் சேர்ந்த பாயிண்ட் வருகிறதே, எல்லா இடத்திலும் அதையே போட்டுவிடலாமா?

சமையலறையில் ஒன்றிரண்டு போடலாம். வீடு முழுக்க வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டு அளவு டாப்பையும் பிடிக்க வேண்டும் என்பதால் உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி இரண்டையும் அரைகுறையாகப் பிடிக்கும். விலை மலிவானதில் ஒரு வருடத்தில் லூஸ் ஆகிவிடும். அப்புறம், மெல்லிய வயர் உள்ள டேபிள் ஃபேன் ஒன்றை அதில் மாட்டினால், பின்னால் இருப்பது 16 ஆம்ப்ஸ் எம்சிபி. ஃபேன் வயர் உருகினால்கூட அந்த எம்சிபிக்குத் தெரியாமல் போகலாம். கீசர், ஏசி, ஓவன், வாஷிங் மெஷின் நிற்கும் இடங்களில் தனி 16 ஆம்ப்ஸ் பாயிண்டே போடுங்கள்.

பெரிய டாப்பைச் சின்ன பாயிண்டில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் விற்கிறார்களே?

வாங்காதீர்கள். ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

எழுபது வயது அம்மா ஒருவர் போன் பண்ணினார். "தம்பி, மீன் வாங்கி ஒரு வாரம் ஆச்சு, அடுப்படியில மீன் வாடை போகவே மாட்டேங்குது." பிளாஸ்டிக் பொருட்கள் சூடேறிக் கருகும்போது அப்படி ஒரு கவிச்சி வாடை வரும். "அம்மா, அடுப்பை ஆஃப் பண்ணிட்டு மெயினையும் ஆஃப் பண்ணுங்க, வந்துட்டேன்" என்று கிளம்பினேன். 1800 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு, அதன் பவர் டாப், அதற்குக் கீழே கன்வெர்ட்டர், அது போய் உட்கார்ந்திருந்தது சுவிட்ச் போர்டில் இருந்த 6 ஆம்ப்ஸ் பாயிண்டில்.

முகப்பைக் கழற்றினேன். வலது பக்க ஓட்டையைச் சுற்றி டீ சிந்திய மாதிரி பழுப்பு. திருகைத் தொட்டதும் அந்த மூலை அப்பளம் போல நொறுங்கி விழுந்தது. வயரின் தோல் ஒரு விரல் நீளத்துக்கு விறைத்துப் போய், உள்ளே செம்பு கறுத்துக் கிடந்தது. "ரெண்டு வருஷமா இப்படித்தான் மாட்டியிருக்கேன், ஒண்ணும் ஆகலையே தம்பி" என்றார் அந்த அம்மா. ஆகிக்கொண்டேதான் இருந்தது. 1800 வாட் என்றால் 7.8 ஆம்ப்ஸ். தினமும் இரண்டு வேளை கொஞ்சம் கொஞ்சமாக வெந்திருக்கிறது.

அவ்வளவு சூடானபோது எம்சிபி ஏன் விழவில்லை?

எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. எம்சிபி பார்ப்பது கரன்ட்டின் அளவை. டாப் சூடாகிறதா என்று அது பார்ப்பதில்லை.

16 ஆம்ப்ஸ் எம்சிபி 16-ஐத் தாண்டியதும் பட்டென்று விழும் என்று நினைக்கிறோம். வீட்டு எம்சிபிக்கான தரப்படி 1.13 மடங்கு, அதாவது 18 ஆம்ப்ஸ் வரை ஒரு மணி நேரம் போனாலும் அது விழக் கூடாது. 1.45 மடங்கு, அதாவது சுமார் 23 ஆம்ப்ஸ் போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். அப்படியிருக்க 6 ஆம்ப்ஸ் பாயிண்டில் 8 ஆம்ப்ஸ் போவதை அது கண்டுகொள்ளவே போவதில்லை.

லூஸ் கனெக்‌ஷன் இன்னும் மோசம், ஏனென்றால் அதில் கரன்ட் கூடுவதே கிடையாது. சரியாக முடுக்காத திருகில் 0.1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 13 ஆம்ப்ஸ் கீசர் ஓடினால் அந்த ஒரு புள்ளியில் 17 வாட் சூடு பிறக்கும். ரேடியோ மெக்கானிக் கையில் இருக்கும் சின்ன சால்டரிங் ராடு 25 வாட். கிட்டத்தட்ட அப்படி ஒன்றைச் சுவிட்ச் பாக்ஸுக்குள் மூடி வைத்த கதைதான். எம்சிபியும் விழாது, கரன்ட் கசிந்தால் விழுகிற ஆர்சிசிபியும் விழாது. உங்கள் கைதான் மீட்டர்: கீசர் ஒரு கால் மணி நேரம் ஓடிய பிறகு சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு டாப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு என்றால் வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

எந்த வயர் போட வேண்டும்?

செம்பு வயர், ஐஎஸ்ஐ முத்திரையோடு. லைட், ஃபேனுக்கு 1 அல்லது 1.5 ஸ்கொயர் எம்எம். 16 ஆம்ப்ஸ் பவர் பாயிண்டுக்கு 2.5. ஏசிக்கும் பெரிய கீசருக்கும் 4. பழைய வயர்மேன்கள் "த்ரீ ட்வென்டி", "செவன் ட்வென்டி" என்பார்கள். 20 கேஜ் கம்பி மூன்று இழை, ஏழு இழை என்று அர்த்தம். த்ரீ ட்வென்டி கிட்டத்தட்ட 2 ஸ்கொயர் எம்எம், செவன் ட்வென்டி நாலரைக்குக் கொஞ்சம் மேல்.

மெல்லிய வயரில் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. டிபியிலிருந்து பாத்ரூம் 20 மீட்டர். போக வர 40 மீட்டர். 1 ஸ்கொயர் எம்எம் செம்பு வயரில் அந்தத் தூரத்துக்கு 0.7 ஓமுக்குக் கொஞ்சம் மேல் தடை இருக்கும். 13 ஆம்ப்ஸ் ஓட்டினால் சுவருக்குள் 120 வாட் சூடு, பைப்பின் நீளம் முழுக்க. இரண்டரை போட்டால் 50 வாட்டுக்கு இறங்கும். நான்கு போட்டால் இன்னும் குறையும். வயரில் மிச்சம் பிடிக்கிற காசு ஒரு நல்ல டைல்ஸ் பெட்டி விலைகூட வராது. டைல்ஸில் மட்டும் யாரும் மிச்சம் பிடிப்பதில்லை.

ஒரு பவர் லைனில் எத்தனை பாயிண்ட் போடலாம் என்பதும் இதோடு சேர்ந்தது. குடியிருப்புகளில் ஒரு லைனுக்கு இரண்டு 16 ஆம்ப்ஸ் பாயிண்டுக்கு மேல் கூடாது என்பது மத்திய பொதுப்பணித் துறையின் வழக்கம். கீசருக்கும் ஏசிக்கும் ஆளுக்கு ஒரு தனி லைன்.

எந்த ஓட்டை ஃபேஸ், எது நியூட்ரல்?

பாயிண்டை நேராகப் பார்த்தால் மேலே பெரியது எர்த், வலது கீழ் ஃபேஸ் (கரன்ட் வரும் வயர்), இடது கீழ் நியூட்ரல் (திரும்பிப் போகும் வயர்). கழற்றித் திருப்பிப் பின்பக்கம் பார்க்கும்போது இடம் வலமாகிவிடும். அதனால் நினைவை நம்பாமல் எல், என், இ என்று பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்து முடுக்குங்கள். சுவிட்ச் எப்போதும் ஃபேஸில்தான் வர வேண்டும்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது, இதைக் கவனியுங்கள். நம் வீட்டு வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ஆனால் கம்பெனியிலிருந்து வரும் பொருளின் கார்டில் (அதோடு சேர்ந்து வரும் வயரில்) பிரவுன் ஃபேஸ், நீலம் நியூட்ரல், பச்சையும் மஞ்சளும் கலந்தது எர்த். சுவருக்குள் இருக்கும் நீலம் ஃபேஸாக இருக்கலாம், கார்டில் இருக்கும் நீலம் நியூட்ரல். மூன்று ஃபேஸ் வீட்டில் "நீலம் நியூட்ரல்தானே" என்று தொட்டு அடி வாங்கியவர்களில் நானும் ஒருவன். தொழிலுக்கு வந்த முதல் வருடம்.

டாப்பை நானே மாற்றலாமா?

மாற்றலாம். கரன்ட்டோடு சம்பந்தமில்லாமல் மேஜையில் வைத்துச் செய்கிற வேலை. ஆனால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

கார்டின் வெளித் தோலை இரண்டு அங்குலத்துக்குள் உரியுங்கள். வெளித் தோல் டாப்புக்குள் வந்து கிளிப்பில் சிக்க வேண்டும். பாதிப் பேர் அந்தக் கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இழு விசை கிளிப்பில் விழாவிட்டால் திருகில் விழும். பச்சை வயரை மற்ற இரண்டைவிட ஒரு விரற்கடை நீளமாக விடுங்கள். யாராவது கார்டைப் பிடித்து இழுத்தாலும் எர்த் கடைசியாகத்தான் அறுபட வேண்டும். இழைகளை முறுக்கி, ஒரு மடிப்பு மடித்து ஓட்டைக்குள் விட்டு முடுக்குங்கள். நுழையவில்லை என்று நாலு இழையை வெட்டுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். முடுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் தனித்தனியாக இழுத்துப் பார்த்துவிட்டு மூடுங்கள்.

கம்பெனியே வார்த்து ஒட்டிய டாப் வந்திருந்தால் அதை வெட்டாதீர்கள். டாப் பொருந்தாவிட்டால் பாயிண்டை மாற்றுவதே சரி.

சுவரில் இருக்கும் பாயிண்டை?

வயர்மேனிடம் விடுங்கள், லைசென்ஸ் உள்ளவரிடம். உங்களுக்குக் கை பழக்கம் இருக்கிறது என்றாலும் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும்: மெயினை ஆஃப் செய்தாலும் இன்வெர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும். ஒரே சுவிட்ச் போர்டில் ஈபி லைனும் இன்வெர்ட்டர் லைனும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற வீடுகள்தான் அதிகம். "மெயின் ஆஃப், டெஸ்டரும் எரியல" என்று பவர் பாயிண்டைக் கழற்றும்போது பக்கத்துத் திருகில் விரல் படும். இன்வெர்ட்டரையும் ஆஃப் செய்து, அதன் அவுட்புட்டையும் பிடுங்கிவிட்டுத்தான் முகப்பைத் தொட வேண்டும். டெஸ்டர் எரியாததை மட்டும் நம்பக் கூடாது. ரப்பர் செருப்பும் உலர்ந்த கையும் இருந்தால் மங்கலாக எரிந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். மீட்டர் அல்லது டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள்.

ஏசிக்குப் பவர் பாயிண்ட் போதாதா? ஏசி பாக்ஸ் எதற்கு?

ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசி ஓடும்போது சுமார் 7, 8 ஆம்ப்ஸ்தான். கணக்குப்படி 16 ஆம்ப்ஸ் பாயிண்ட் தாங்கும். ஆனால் ஏசி இரவு முழுக்க ஓடும், கோடையில் மாதக்கணக்கில் ஓடும். பழைய மாடல் என்றால் கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகும் ஒவ்வொரு தடவையும் ஒரு உதை. அதனால் 20 ஆம்ப்ஸ் எம்சிபியோடு வரும் இரும்பு ஏசி பாக்ஸ் போடுகிறோம். பிடி இறுக்கமாக இருக்கும், டாப் தானாக நழுவாது. எம்சிபி "சி" வகையாக இருக்கட்டும். அது 5 மடங்கிலிருந்து 10 மடங்கு உதை வந்தால்தான் உடனே விழும்; "பி" வகை 3 மடங்கிலேயே விழத் தொடங்கும், நீங்கள் தினமும் ராத்திரி எழுந்து தூக்கிவிட வேண்டியிருக்கும்.

கீசருக்கு?

சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்க வேண்டும். அது ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் சுவிட்சாக இருக்க வேண்டும். பாயிண்ட் ஷவர் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் வேண்டும். அந்த லைன் 30 மில்லி ஆம்ப்ஸ் ஆர்சிசிபி வழியாக வர வேண்டும். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் நான் கீசர் மாட்டித் தர மாட்டேன். இதனால் சில வேலைகள் கை விட்டுப் போயிருக்கின்றன. பரவாயில்லை.

எர்த் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்றாவது ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு புது அடுக்குமாடி வீட்டில் பாயிண்டைத் திறந்தபோது பச்சை வயர் அழகாக மடித்து, டேப் சுற்றி, பாக்ஸின் மூலையில் செருகப்பட்டிருந்தது. திருகில் ஏற்றவே இல்லை. எட்டு வருடம் வாஷிங் மெஷின் அந்த வீட்டில் எர்த் இல்லாமல் ஓடியிருக்கிறது. "தொட்டா கொஞ்சம் சுர்ருங்கும், ஈரக் கைன்னு நினைச்சோம்" என்றார்கள்.

மீட்டர் இருந்தால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பாருங்கள், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய 230 காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே சில வோல்ட் காட்டினால் பரவாயில்லை. 30, 40 காட்டினால் எங்கோ பழுது. இது எர்த் வயர் வந்திருக்கிறதா என்பதை மட்டும் சொல்லும். அந்த வயர் மண்ணில் போய்ச் சேரும் எர்த் குழி நன்றாக இருக்கிறதா என்பதற்கு எர்த் டெஸ்டர் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பும் கரியும் போட்ட பழைய குழி என்றால் கோடையில் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். மண் காய்ந்தால் எர்த் செத்துவிடும்.

எர்த் வரவில்லை என்பதற்காகப் பாயிண்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். மீட்டரில் எல்லாம் சரியாகக் காட்டும். ஆனால் என்றாவது நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். இப்படிச் செய்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

பவர் பிளக் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது. எடுத்துவிடலாமா?

எடுக்கக் கூடாது. அது விழுவதற்கு இரண்டு காரணம்தான் அதிகம். ஒன்று, பொருளிலேயே கசிவு. கீசர் காயில் வெடித்திருக்கும். இரண்டாவது, புது லைன் இழுத்தவர் பக்கத்து லைனிலிருந்தோ இன்வெர்ட்டரிலிருந்தோ நியூட்ரலைக் கடன் வாங்கியிருப்பார். ஆர்சிசிபி போன கரன்ட்டும் திரும்பி வந்த கரன்ட்டும் சமமா என்று மட்டும்தான் பார்க்கிறது. வேறு வழியாகத் திரும்பினால் கசிவு என்று எண்ணி விழும். நியூட்ரல்களைப் பிரித்துக் கட்டினால் சரியாகிவிடும். மாதம் ஒரு முறை டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். விழாத ஆர்சிசிபி அலங்காரப் பொருள்.

திடீரென்று எல்லா லைட்டும் பளீரென்று எரிந்து டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாம் போய்விட்டது. ஏன்?

மூன்று ஃபேஸ் வீடா? அப்படியென்றால் நியூட்ரல் அறுந்திருக்கும். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230. ஆனால் இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400. நியூட்ரல் அறுந்தால் ஒரு ஃபேஸில் இருக்கும் ஃப்ரிட்ஜும் இன்னொரு ஃபேஸில் இருக்கும் கீசரும் வரிசையாகச் சேர்ந்து அந்த 400-ஐப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக விழாது. குறைந்த வாட் உள்ளவன் தலையில் அதிக வோல்ட் விழும். அதனால்தான் கீசர் தப்பிக்கிறது, டிவி கருகுகிறது. வீட்டுப் பாயிண்டில் உண்மையிலேயே வோல்டேஜ் அளவுக்கு மீறி வருகிற சந்தர்ப்பம் இது. நியூட்ரல் லைனில் ஃபியூஸ் கட்டை இருந்தால் எடுத்துவிட்டு நேராக லிங்க் போடச் சொல்லுங்கள். ஓவர் வோல்டேஜ் வந்தால் துண்டிக்கும் ரிலே ஒன்றும் டிபியில் போட்டுக்கொள்ளலாம்.

கரன்ட் போனால் பவர் பிளக் மட்டும் ஏன் வேலை செய்வதில்லை?

வேலை செய்யக் கூடாது என்றுதான் அப்படிப் போட்டிருக்கிறோம். வீட்டு இன்வெர்ட்டர் பெரும்பாலும் 800, 1000 விஏ. அதில் 2000 வாட் கீசரைப் போட்டால் அது ஒரு கத்துக் கத்திவிட்டு நின்றுவிடும்.

எலெக்ட்ரிக் காரை வீட்டுப் பவர் பிளக்கில் சார்ஜ் செய்யலாமா?

ஸ்கூட்டர் என்றால் கவலையில்லை. பெரும்பாலானவற்றின் சார்ஜர் ஒரு அயர்ன் பாக்ஸ் அளவுக்குத்தான் இழுக்கும். கார் வேறு விஷயம். காரோடு வரும் 3.3 கிலோவாட் சார்ஜர் 14 ஆம்ப்ஸுக்கு மேல் இழுக்கும், இரவு முழுக்க, தினமும். கீசர் 13 ஆம்ப்ஸ் இழுத்தாலும் கொஞ்ச நேரத்தில் ஓய்வு எடுக்கிறது. கார் ஓய்வு எடுக்காது. போர்ட்டிகோவில் பத்து வருடமாகக் கிடக்கும் பாயிண்டில் மாட்டாதீர்கள். டிபியிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம் தனி லைன், "ஏ" வகை ஆர்சிசிபி, தொழிற்சாலைகளில் பார்க்கும் நீல நிற உருண்டை சாக்கெட். 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர் என்றால் 31 ஆம்ப்ஸ். அதற்கு டாப்பே கிடையாது, நேரடி இணைப்புதான். முதலில் ஈபியில் உங்கள் லோடு எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, கூட்டிக்கொள்ளுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து கெட்டில், அமெரிக்காவிலிருந்து மிக்ஸி வந்திருக்கிறது. டாப் மாற்றினால் போதுமா?

சிங்கப்பூர், மலேசியா, துபாய் என்றால் போதும். அங்கேயும் ஏறக்குறைய நம் வோல்டேஜ், 50 ஹெர்ட்ஸ். சதுரப் பின் டாப்புக்குள் ஒரு குட்டி ஃபியூஸ் இருக்கும், அதை வெட்டினால் அந்தப் பாதுகாப்பு போய்விடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ஐரோப்பிய டாப் இன்னும் ஏமாற்றும்: அதன் இரண்டு உருண்டைப் பின்னும் நம் 6 ஆம்ப்ஸ் பாயிண்டில் லொடலொடவென்று நுழைந்துவிடும். எர்த் தொடாது, பிடியும் இருக்காது.

அமெரிக்கப் பொருள் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டிக்கரில் "100-240" என்று இருந்தால் டாப் மாற்றினால் போதும். 120 மட்டும் இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். இல்லாவிட்டால் 1000 வாட் ஹீட்டர் நம் லைனில் 3600 வாட்டுக்கு மேல் எரியும், சில நொடிகளுக்கு. அங்கே துணி உலர்த்தும் மெஷின், அடுப்பு மாதிரி பெரிய பொருட்களுக்கு மட்டும் 240 வோல்ட்டில் தனி பாயிண்ட், விதவிதமான பின் அமைப்பில். அவர்கள் வீடியோவைப் பார்த்துவிட்டு "எங்க வீட்டுக்கும் 240 வோல்ட் பிளக் போட்டுத் தாங்க" என்று ஒரு பையன் கேட்டான். "உங்க வீட்ல எல்லாமே அதுதான் தம்பி" என்றேன்.

வாடகை வீடு. பவர் பாயிண்டின் பின்னால் என்ன வயர் போட்டிருக்கிறார்கள் என்று சுவரை உடைக்காமல் தெரியுமா?

தெரியும். டிபி பாக்ஸின் மூடியை வயர்மேனை விட்டுத் திறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு எம்சிபியின் கீழும் இறங்கும் வயரின் தோலில் அளவு அச்சடித்திருக்கும். 16 அல்லது 20 ஆம்ப்ஸ் எம்சிபியின் கீழே 1.5 என்று இருந்தால், அந்த எம்சிபியைக் கழற்றி 10 ஆம்ப்ஸ் போடச் சொல்லிவிட்டு, கீசரை வீட்டுக்காரர் புது லைன் இழுத்துத் தரும்வரை அட்டைப் பெட்டியிலேயே வைத்திருங்கள்.